தம்பி கல்யாண ஓலையில் என் படம்

என் தம்பிக்கு நான் மனைவி அல்ல என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். ஆம்பூர் வட்டாரத்தில் வேறு எந்த அக்காவுக்கும் இப்படி ஒரு பத்திரம் எழுதவேண்டிய நிலைமை வந்திருக்காது. எனக்கு வந்தது. யாரும் சூழ்ச்சி செய்யவில்லை, சூனியம் வைக்கவில்லை. நானே என் கையால் வரவழைத்துக்கொண்டேன். இதை எழுத உட்காரும்போதே களைப்பாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மாதிரி கூட்டிக் குறைத்துச் சொல்லித் திரிகிறார்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். வேலூரில் மூன்று வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தேன். கிடைத்த வேலை, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் பிரிவில் ஜோடி பார்ப்பது. இடது கால், வலது கால் இரண்டும் ஒரே அளவா, தோலின் நிறம் ஒத்துப்போகிறதா, தையல் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் வைக்கவேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். நான் கேட்டு அலுத்துவிட்டேன்.

என் படிப்பு எங்கள் சர்ச்சுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. சபைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்து என் தலையில் கட்டினார்கள். சம்பளம் கிடையாது, கர்த்தர் பலன் தருவார் என்றார்கள். (அவர் தந்த பலனைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

வெப்சைட்டில் மொத்தம் நாலு பக்கம். மூன்று பக்கங்களை யாரும் பார்த்ததில்லை. நாலாவது, 'இந்த வார அறிவிப்புகள்'. யாருக்குப் பிறந்தநாள், யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம், அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு யார் பூசணிக்காய் தருகிறார்கள், இதெல்லாம் அதில் வரும். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து போன வாரத்துச் சேதியை அழிப்பேன். அதே பக்கத்தில் இந்த வாரத்துச் சேதியை எழுதுவேன். பக்கத்தின் மேலே ஒரே ஒரு படம் வரும். அந்தப் படத்தின் பெயர் 'போட்டோ1'. வாராவாரம் புதுப் படத்தையும் 'போட்டோ1' என்றே பெயர் வைத்துப் பழையதன் மேல் ஏற்றிவிடுவேன். பழையது போய்விடும், புதியது தெரியும்.

படத்துக்கு வாரம் ஒரு பெயர் வைத்திருக்கலாம். வைத்தால் பக்கத்துக்குள் ஒரு வரியை மாற்றவேண்டும். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டேன். போதாததற்கு, ஒரே பெயரை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுவது என் புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர்கள் இதைப் படித்தால் மன்னிக்கவேண்டும்.

எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஆராதனையில் மூன்று ஞாயிறு ஆயர் படிப்பார். இதை நான் அறிவிப்புப் பக்கத்திலும் போடுவேன். மேலே, 'போட்டோ1' இடத்தில், ஜோடியின் படத்தையும் போடுவேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பெண்வீட்டார் மாப்பிள்ளைவீட்டார் எல்லாரும் போனில் திறந்து பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறும்.

என் தம்பி சாம் என்னைவிட மூன்று வயது சின்னவன். ஹைவே ஓரத்தில் இன்னொரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அவனுக்குப் பார்த்த பெண் கிருபா. குடியாத்தத்துக்காரி, நர்ஸ். பெண் பார்க்கும்போதே அவளுக்கு வெளிநாட்டு வேலை உறுதியாகிவிட்டது. (எந்த நாடு என்று எழுதமாட்டேன். தம்பி இன்னும் அங்கேதான் பிழைக்கிறான்.) அதனால் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் நாலே வாரம். மூன்று ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது. மூன்று மாதத்தில் கிருபா விமானம் ஏறினாள். அடுத்த வருஷம் லீவில் வந்து போனாள். போன பிறகு போன் செய்து, குழந்தை உண்டாகியிருக்கிறது என்றாள். சாம் உடனே விசாவுக்கு எழுதிப்போட்டான். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. அங்கே அவளுக்கு வேறு யாரும் இல்லை.

கிருபாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது விசா இல்லை என்று கடிதம் வந்தது. காரணம், கல்யாணம் நாலே வாரத்தில் நடந்திருக்கிறது, அதற்கு முன் இருவரும் பழகியதற்கு ஆதாரம் இல்லை, இது விசாவுக்காகச் செய்த கல்யாணமாக இருக்கலாம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன் பழகியதற்கு ஆதாரம் கிடைத்தால் கல்யாணமே நின்றுபோகும். இதை அந்த அதிகாரிக்கு யார் சொல்வது?

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கல்யாணத் தேதிக்கு முன்பாகவே ஊரறிய அறிவித்த அத்தாட்சி ஏதாவது இருந்தால் பலமாக இருக்கும் என்று விண்ணப்பம் எழுதிக்கொடுக்கிறவர் சொன்னார். ஊரறிய அறிவித்ததுதான் ஓலை. சர்ச்சுக்குப் போனோம். ஓலைப் புத்தகம் இருந்த அலமாரிக்கு மேல் கூரை ஒழுகி, புத்தகம் ஊறி, பக்கத்தைப் பிரித்தால் கூழாக வந்தது. ஓலை வாசித்த ஆயர் மாற்றலாகிப் போய் உடம்பு முடியாமல் படுத்திருந்தார். புதிதாக வந்த ஆயர், நான் காதால் கேட்காததை எப்படிக் கேட்டேன் என்று எழுதுவது என்றார். நியாயமான மனுஷர். அந்த நியாயத்தை அப்போது என்னால் சகிக்க முடியவில்லை. குடியாத்தத்துச் சபையில் ஓலையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வாசித்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டார்களாம்.

வீட்டில் எல்லாரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். வெப்சைட்டில் போட்டேனே என்றேன்.

"அதான் நீ வாரா வாரம் அழிச்சிடுவியே," என்றான் சாம்.

"நெட்டுல எதுவும் அழியாதுடா. நான் எடுத்துத் தர்றேன். ஒரு நாள் குடு."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நான் சொன்னது வெறும் வீம்பு இல்லை. உலகத்தில் உள்ள வெப்சைட்டுகளை அவ்வப்போது படியெடுத்துச் சேர்த்து வைக்கிற காப்பகங்கள் இருக்கின்றன. யாரும் உட்கார்ந்து எடுப்பதில்லை. ஒரு தானியங்கி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் கண்ணில் பட்டால் அன்றைக்கு அது எப்படி இருந்ததோ அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். நாம் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் ஒரு காலண்டர் காட்டும். பிரதி எடுத்த தேதிகளில் வட்டம் போட்டிருக்கும். வட்டத்தைத் தொட்டால் அந்த நாளைய பக்கம் எழுந்து வரும். கல்லூரியில் ஒரு வகுப்பில் கேட்டது. பத்து வருஷமாகப் பயன்படாமல் கிடந்த அறிவு.

மறுநாள் கம்பெனி ஆபீஸில் கெஞ்சிக் கேட்டு மதிய இடைவேளையில் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். முகவரியை அடித்தேன். காலண்டர் வந்தது. எங்கள் சர்ச்சை அந்தத் தானியங்கி பெரிதாக மதிக்கவில்லை. வருஷத்துக்கு நாலைந்து வட்டம்தான். ஆனால் சாமுடைய இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில், செவ்வாய்க்கிழமை மேல், ஒரு வட்டம் இருந்தது.

தொட்டேன். வெகுநேரம் வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் எழுத்து வந்தது. நான் அடித்த எழுத்து. 'இரண்டாம் ஓலை. ஆம்பூர் சபையைச் சேர்ந்த சாமுவேல் அவர்களுக்கும், குடியாத்தம் சபையைச் சேர்ந்த கிருபா அவர்களுக்கும்' என்று ஆரம்பித்துக் கல்யாணத் தேதி, நேரம், ஞானஸ்நானம் வாங்கிய குழந்தையின் பெயர் வரைக்கும் அப்படியே இருந்தது. அழுகை வந்துவிட்டது. நான் அழித்ததை யாரோ முகம் தெரியாத ஒரு இயந்திரம் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறது.

மேலே படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் இருந்தது. படம் ஏறவில்லை. கம்பெனி நெட்டு அந்த லட்சணம். படம் இல்லாவிட்டால் போகிறது, எழுத்துதானே முக்கியம் என்று அப்படியே அச்செடுத்தேன். இங்கேயே நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது.

நிறுத்தவில்லை. காகிதத்தை நம்பாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனை. விண்ணப்பத்தோடு வைக்க நானே ஒரு கடிதம் எழுதினேன். இந்தப் பக்கம் பொதுக் காப்பகத்தில் இருக்கிறது, நாங்கள் யாரும் கைவைத்துத் திருத்த முடியாது, கீழ்க்கண்ட முகவரியில் அதிகாரி அவர்கள் தாங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டினேன். முகவரியை ஒரு எழுத்து பிசகாமல் அடித்தேன். கடைசியில் என் பெயரையும் பட்டத்தையும் போட்டுக்கொண்டேன். பட்டத்தைப் போடாமல் இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து சாம் என் கம்பெனி வாசலில் வந்து நின்றான். அவன் லைனை விட்டு ஷிஃப்ட் நடுவில் வருகிற ஆள் இல்லை. செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். போனை நீட்டினான். அதிகாரியிடமிருந்து கடிதம். நீங்கள் கொடுத்த முகவரியில் பார்த்தோம், திருமண அறிவிப்போடு இருக்கும் படத்தில் விண்ணப்பதாரர் மாலையோடு நிற்கிறார், பக்கத்தில் மாலையோடு நிற்கும் பெண் அவருடைய மனைவி அல்ல, நீங்கள் ஏற்கெனவே கொடுத்த கல்யாணப் படங்களில் இருப்பது வேறு பெண், இதற்கு விளக்கம் தேவை.

"எவகூடடா நின்ன?" என்றேன். முதலில் என் வாயில் வந்தது அதுதான். ஆண்டவர் சாட்சி.

அவன் அந்த முகவரியைத் தொட்டான். பக்கம் வந்தது. கட்டம் வந்தது. படம் மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் சர்ச்சின் பலிபீடம், அதைச் சுற்றி வெள்ளைப் பூ அலங்காரம். அப்புறம் சாமுடைய தலை. பக்கத்தில் ஒரு பெண்ணின் தலை, நிறைய மல்லிகைப் பூவோடு. அப்புறம் அவளுடைய நெற்றி. அப்புறம் மூக்கு. மூக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் குடும்பத்து மூக்கை எங்கே பார்த்தாலும் தெரியும்.

நான்தான்.

பட்டுப்புடவையில் நான். கோட்டுப்போட்டுக்கொண்டு சாம். இரண்டு பேர் கழுத்திலும் தொடை மொத்தத்துக்கு ரோஜா மாலை. கீழே, 'இவர்கள் ஒன்றாக இணைவதற்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால்' என்று நான் அடித்த எழுத்து.

எந்தப் படம் என்று உடனே ஞாபகம் வந்தது. சாம் கல்யாணம் முடிந்து, கிருபாவும் போன பிறகு, சர்ச்சில் வாலிபர் சங்கத்துக்குப் புது நிர்வாகிகளை வைத்தார்கள். நான் செயலாளர், அவன் விளையாட்டுச் செயலாளர். அன்றைக்குக் காலையில்தான் சர்ச்சில் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. அலங்காரத்தைக் கழற்றவில்லை. கமிட்டிக்காரர்கள் கல்யாணத்துக்கு மாலை கட்டின பூக்காரரிடமே எங்களுக்கும் இரண்டு சொல்லிவிட்டார்கள். அவர் அதே அளவில் கட்டிக்கொடுத்துவிட்டார். காலைக் கல்யாணத்துக்குக் கட்டின பட்டுப்புடவையை நான் மாற்றவில்லை. சாமிடம் இருந்தது ஒரே கோட்டு, அவன் கல்யாணக் கோட்டு. அந்தப் படத்தை நானே எடிட் செய்து, இரண்டு பேர் முகத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கி, 'போட்டோ1' என்று பெயர் வைத்துப் பக்கத்தில் ஏற்றினேன்.

ஆனால் அது நாலு மாதம் கழித்து எடுத்த படமாயிற்றே, ஓலைப் பக்கத்தில் எப்படி வந்தது? அன்றைக்குப் பிற்பகல் பேக்கிங்கில் நின்றுகொண்டே யோசித்தேன். சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். காப்பகம் பக்கத்தையும் படத்தையும் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. எழுத்தை ஒரு நாள் எடுக்கும். படத்தை அதற்குத் தோதான இன்னொரு நாள் எடுக்கும். நாம் பழைய பக்கத்தைக் கேட்டால், எழுத்தைக் கொண்டுவந்து, அதில் 'போட்டோ1' வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, தன்னிடம் இருக்கும் 'போட்டோ1'களில் தேதி கிட்டத்தில் இருப்பதைக் கொண்டுவந்து பொருத்தும். ஓலை வாரத்தின் படத்தை அது எடுக்கவே இல்லை. கிட்டத்தில் அதனிடம் இருந்த 'போட்டோ1', நானும் என் தம்பியும். இயந்திரத்தின் மேல் தப்பில்லை. வருஷக்கணக்கில் எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர் வைத்தவள் நான்.

படத்தின் முகவரியிலேயே அதை எடுத்த தேதியும் நேரமும் வரிசையாக எண்ணாக இருக்கிறது. பக்கத்தின் முகவரியிலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் நாலு மாதம் வித்தியாசம் கண்ணில் குத்தியிருக்கும். நான் பார்க்கவில்லை.

"பத்து வருஷமா ஜோடி பாக்குற வேலை செய்யிற," என்றான் சாம். "ஊருக்கெல்லாம் கரெக்டா பாத்துப் போடுற. எனக்கு மட்டும் ரெண்டு கால்லயும் எடது கால் ஷூவ மாட்டி வுட்டுட்டியேக்கா."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

கிருபாவுக்கும் அதே கடிதத்தின் நகல் போயிருந்தது. அவளே கூப்பிட்டாள். அம்மா போனை வாங்காமல் என்னைக் கைகாட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

"அண்ணி, படத்துல இருக்கறது நீங்கதான?"

"நான்தாம்மா."

"எங்க ஓலையில நீங்க இன்னாத்துக்கு மாலை போட்டுக்கினு நிக்கிறீங்க?"

எழுத்து ஒரு நாள், படம் ஒரு நாள் என்று விளக்க ஆரம்பித்தேன். தானியங்கி, காலண்டர், வட்டம், எல்லாம் சொன்னேன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். மாத்திரை ஏன் போடவில்லை என்பதற்கு நோயாளி சொல்கிற காரணத்தை நர்ஸ்கள் கேட்பார்களே, அப்படி அமைதியாகக் கேட்டாள்.

"எனக்கு ஏழாவது மாசம் அண்ணி," என்றாள். "தனியா டூட்டிக்குப் போறேன், தனியா வர்றேன். ஒரு சக்களத்திதான் கொறச்சலா இருந்துச்சி. அதையும் நீங்களே வந்து நின்னுட்டீங்க."

போன் நின்றுவிட்டது. அதில் சிரிப்பு இல்லை. இன்றைக்கு எல்லாரும் சிரிக்கிற வார்த்தை, அன்றைக்கு அவள் வாயிலிருந்து சிரிப்பில்லாமல்தான் வந்தது.

விளக்கம் எழுதவேண்டும். சாமும் நானும் உடன்பிறந்தவர்கள் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் எடுத்தோம். அது போதாது, படத்தில் இருக்கிற பெண்ணே பிரமாணப் பத்திரம் கொடுக்கவேண்டும் என்றார் விண்ணப்பம் எழுதுகிறவர். வேலூரில் கோர்ட்டுப் பக்கம் ஒரு நோட்டரியைத் தேடிப் போனோம். சாட்சிக்கு அம்மாவையும் கூட்டிப்போனோம்.

நோட்டரியின் அறைக்கு வெளியே டைப் அடிக்கிற அம்மாள் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு, "சொத்து விஷயமா?" என்று கேட்டார்.

"இல்லங்க. இவருக்கு நான் பொண்டாட்டி இல்லன்னு எழுதணும்."

"விவாகரத்துன்னா அது இங்க இல்லமா. குடும்பக் கோர்ட்டுக்குப் போகணும்."

"நாங்க அக்கா தம்பி."

அந்த அம்மாள் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார். உள்ளே போய் நோட்டரியிடம் ஏதோ சொன்னார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார். படத்தைக் காட்டினேன். மறுபடி முதலிலிருந்து காப்பகம், வட்டம், 'போட்டோ1'. அவருக்கு அது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அக்கான்னு எழுதுனா போதாதா? பொண்டாட்டி இல்லன்னு வேற எதுக்கு?"

"அவங்க கேக்குறாங்க சார்," என்றான் சாம்.

"அப்படின்னா முழுசா எழுதிடலாம். நாளைக்கு இன்னொரு கேள்வி வரக்கூடாது." சொல்லிவிட்டு அவரே வாய்மொழியாகச் சொல்லச்சொல்ல அந்த அம்மாள் அடித்தார். மேற்படி சாமுவேல் என்பவரை நான் இதற்கு முன் எக்காலத்திலும் திருமணம் செய்துகொண்டதில்லை, தற்போதும் அவருடைய மனைவி அல்ல, இனிமேலும் அவ்விதம் செய்துகொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை. உத்தேசம் என்ற வார்த்தை வந்தபோது சாம் எழுந்து வெளியே போய்விட்டான்.

நோட்டரி அம்மாவைப் பார்த்து, இரண்டு பேரும் உங்கள் பிள்ளைகள்தானா என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார் அம்மா. "இன்னிக்கி அத்தச் சொல்லவே பேஜாராக் கீது."

கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை. இரண்டாவது பேனாவும் எழுதவில்லை. மூன்றாவது பேனாவில், நான் என் தம்பிக்கு மனைவி அல்ல என்பது சட்டப்படி உறுதியானது.

அதோடு நான் ஒரு விளக்கக் கடிதமும் எழுதினேன். இந்த முறை பட்டம் போடவில்லை. பக்கத்தின் தேதி எண்ணையும் படத்தின் தேதி எண்ணையும் மேலும் கீழுமாக வைத்துக் காட்டினேன். இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை என்று காட்ட, அதே காப்பகத்தில் வேறு வட்டங்களையும் தொட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில், காலமான ஒரு பெரியவரின் குடும்பத்துக்கு அனுதாபம் தெரிவித்த அறிவிப்பின் மேல் ஞானஸ்நானம் வாங்கிய கைக்குழந்தை வாயில் விரலோடு படுத்திருந்தது. இன்னொரு வாரத்தில், வயது முதிர்ந்த எங்கள் பொருளாளருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, மேலே ஏலத்துக்கு வந்த பூசணிக்காய். இரண்டையும் அச்செடுத்துச் சேர்த்தேன். அதிகாரிக்கு எது புரிந்ததோ, பிரமாணப் பத்திரமோ பூசணிக்காயோ, எனக்குத் தெரியாது. விசா கொடுத்தார்கள்.

ஆனால் லேட். எல்லாம் சரியாக நடந்திருந்தால் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே சாம் போயிருப்பான். என் சாமர்த்தியத்தால் அந்த மாதம் போயிற்று. குழந்தையும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. அவன் டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு கம்பெனியில் தையல் லைனில் நின்றுகொண்டிருந்தபோது, கூட வேலை செய்கிற ஒரு நர்ஸ் கிருபாவின் போனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். பெண் குழந்தை. அவன் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, அழுவுது. வாய் தெரியுது. சத்தம் கேக்கல. இங்க மெஷின் ஓடுது."

வெளியே போய்ப் பாருடா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டான். நான் பெட்டியில் ஷூவை வைப்பதும் எடுப்பதுமாக அன்றைக்கு முழுக்க ஒரே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிருபா ஒரு வருஷம் என்னிடம் பேசவில்லை. சாமிடம் பேசும்போது பக்கத்தில் அவள் குரல் கேட்கும், அவ்வளவுதான். போனை அவளிடம் கொடு என்று கேட்கவும் எனக்கு முகம் இல்லை. குழந்தைக்கு ஒரு வயது முடிந்த அன்று அவளே கூப்பிட்டாள். எடுத்தவுடன், "இன்னா சக்களத்தி, சாப்ட்டீங்களா?" என்றாள். அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. மூன்று பேராலும் பேசவே முடியவில்லை, அப்படிச் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் சிரிப்பு மட்டும் இல்லை. அதை இங்கே நீட்டவேண்டாம்.

அந்த மன்னிப்போடு தொல்லையும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் அதுதான் பெயர். கிருபா வாரம் தவறாமல் சக்களத்தி என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், மருமகளும் அவள் சக்களத்தியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார். அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லிக் காப்பகத்துக்கு எழுதலாமா என்று சாமைக் கேட்டேன். வேண்டாம், அடுத்த முறை விசா நீட்டிக்கும்போது பழைய கேள்வி வந்தால் காட்டவேண்டியிருக்கும் என்கிறான். பத்திரத்தையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறான்.

போன மே மாதம் குடும்பத்தோடு லீவில் வந்தார்கள். பிள்ளை ஜோவானாவுக்கு இப்போது ஆறு வயது. தமிழ் நன்றாகப் பேசுகிறாள். வீட்டில் கேட்டு, போனில் கேட்டு வந்த தமிழ். அப்பாவோடு பிறந்த அக்காவை எப்படிக் கூப்பிடவேண்டும் என்பதையும் அப்படிக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். போன மாதம்தான் எங்கள் சபைக்கு வந்த ஆயரும் அவர் மனைவியும் ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆயரின் மனைவி குனிந்து ஜோவானாவின் கன்னத்தைத் தொட்டு, என் பக்கம் காட்டி, "இவங்க உனக்கு யாரு பாப்பா?" என்று கேட்டார்.

"எங்க அம்மாவோட சக்களத்தி," என்றாள் பிள்ளை. மரியாதையாக, தெளிவாக, என் கையைப் பிடித்துக்கொண்டு.

சுற்றி நின்றவர்களில் பழைய ஆட்கள் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். கிருபா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள். ஆயரின் மனைவி என்னைப் பார்த்தார், சாமைப் பார்த்தார், கிருபாவைப் பார்த்தார். விளக்கவேண்டும் என்றால் தானியங்கியிலிருந்து தொடங்கவேண்டும். எனக்குத் தெம்பில்லை. "ஆமாங்க," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம், சொல்லாமல் கொள்ளாமல், ஆயரும் மனைவியும் வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள். நாங்கள் எல்லாரும் வரிசையாக முழங்கால் போட்டோம். இந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டு சகோதரிகளுக்கும் கசப்பில்லாத மனதைத் தாரும் ஆண்டவரே என்று ஆயர் உருகி ஜெபித்தார். எனக்கு ஒருபக்கம் சாம் குலுங்கினான், மறுபக்கம் கிருபா குலுங்கினாள். அழுகிறார்கள் என்று நினைத்து ஆயர் இன்னும் கால்மணி நேரம் ஜெபத்தை நீட்டினார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.